மண் குடித்த சிவப்பு

மூன்று நாளாக உங்கள் பெரியம்மா நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஏன் என்று நீங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். அம்மாவைக் கேட்டால், "உங்க அப்பாவையே கேளுங்க" என்கிறாள். என்னைக் கேட்டால் நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எட்டாவது வரைக்கும் படித்த கையெழுத்து இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் காஞ்சிபுரத்தில் எனக்கு டியூபு விட்டுப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் எழுதி முடித்துவிட வேண்டும்.

பெரியப்பா மூத்திரப்பை கேன்சரில் செத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் என் பங்கு என்ன என்பது உங்களுக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கும் மூன்று நாளைக்கு முன்னால் வரைக்கும் தெரியாது.

கக்கூசிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீர்கள். பஞ்சாயத்துத் திட்டத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொன்று கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றைப் பொம்பளைகள் வைத்துக்கொண்டார்கள். இன்னொன்றில், உங்களுக்கே ஞாபகம் இருக்கும், யூரியா மூட்டையும் மருந்து அடிக்கிற மெஷினும் அடுக்கி வைத்திருந்தோம். நானும் அண்ணனும் ஒரு நாள்கூட உள்ளே போய் உட்கார்ந்தது இல்லை. "கழனி வச்சிக்கினு கீறவனுக்கு கக்கூஸ் எதுக்குடா?" என்று அண்ணன் கேட்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆம்பளை வரப்பில் நின்றான், வேட்டியை ஒதுக்கினான், வந்தான். நம்முடையது கறுப்புக் களிமண். அதில் எந்த நிறம் விழுந்தாலும் ஒரே நிறம்தான். நடவு சமயத்தில் சேற்றுத் தண்ணி. கோடையில் வெடிப்பு. யார் குனிந்து பார்த்தார்கள்? அண்ணனுக்கு எப்போதிலிருந்து சிவப்பாகப் போனது என்று கடைசி வரைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் கேட்டார். மண்ணுக்குத்தான் தெரியும்.

முதலில் கண்ணில் பட்டது கூரத்தில் உங்கள் பெரியம்மாவின் தங்கை மகள் கல்யாணத்தில். மண்டபத்தில் ஆம்பளைகள் ஒண்ணுக்குப் போகிற இடம் முழுக்க வெள்ளை ஓடு. அண்ணன் போய்விட்டு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. சாப்பிட்டார், பாயசம் வேண்டாம் என்றார். பாயசத்தை அவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சொன்னார்.

"தம்பி, சொன்னா பயந்துடாத."

"இன்னாண்ணா?"

"ஒண்ணுக்குப் போனேன்டா. செகப்பா வந்துச்சு. ரத்தமாட்டம்."

"பீட்ரூட் பொரியல ரெண்டு தபா வாங்கித் துன்னியே, அதான்."

"போடா. பந்திக்கு முன்னாடி போனேன். அப்ப எலையே போடல."

பிறகு, வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலியே இல்ல. அதான் பேஜாரா கீது."

"வலி இல்லன்னா இன்னாண்ணா? சூடு. நாள் பூரா டிராக்டர் சீட்டுல குந்திக்கினு கீற. ஒடம்பு கொதிச்சிப் போயிருக்கும்."

இதைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து நானும் நான் சொன்னதையே நம்பிவிட்டேன். வலி இருந்தால்தான் நோய் என்று நினைக்கிற ஜனம் நாம். வலியே இல்லாமல் ரத்தம் போவதுதான் மோசம், அதைத்தான் ஒரு நாள்கூட விட்டு வைக்கக்கூடாது என்று பிறகு எத்தனையோ டாக்டர் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

அடுத்த நாள் நிறம் சரியாகிவிட்டது என்றார். ஒரு சொம்பில் போய்ப் பார்த்தாராம். இரண்டு வாரம் கழித்துப் பெரியம்மா வேட்டி துவைக்கும்போது கறையைப் பார்த்துச் சண்டை போட்டு, உத்திரமேரூருக்கு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். நானும் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். மூத்திரப்பையின் ஓரத்தில் தெளிவாகத் தெரியவில்லை, காமெரா வைத்த டியூபை உள்ளே விட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

"எந்த வழியா சார் வுடுவீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

டாக்டர் சொன்னார். அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருஷம் பாம்பு, தேள், ஏர்மாடு எதற்கும் பயப்படாத மனுஷன். வெளியே வந்து வேப்பமரத்து நிழலில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "அதுக்கு என்னை ஏரியில தள்ளிடுங்க" என்றார். பெரியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். நாள் தள்ளிக்கொண்டே போனது. நானும் அவரை நெருக்கவில்லை. அந்த டியூபை நினைத்தால் எனக்கே பயமாக இருந்தது.

இந்த சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். வெளியூர் ஆஸ்பத்திரிக்காரர்கள். மூத்திரத்தை வைத்தே மூத்திரப்பை கேன்சரை முன்கூட்டியே பார்க்கிற புது டெஸ்ட் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். பீடி, சிகரெட் குடிக்கிறவர்கள், சாயப்பட்டறையில் வேலை செய்தவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். டியூபு கிடையாது, ஊசி கிடையாது. நான் ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் சாமி வரம் கொடுத்த மாதிரி என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பேர் எழுதிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னார்கள். பேர் எழுதுகிற அன்றைக்கே ஒரு டாக்டரம்மா எல்லோரையும் பெஞ்சில் உட்கார வைத்து விளக்கினார். உள்ளே பையில் கேன்சர் இருந்தால் அந்தக் கெட்டுப்போன செல்லு உடைந்து உடைந்து மூத்திரத்தில் கலக்கும், கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் சத்து மூத்திரத்தில் இருக்கும், இந்தச் சின்ன அட்டையில் நாலு சொட்டு விட்டால் கோடு விழும் என்றார். எனக்குப் புரிந்தது. கழனி வரப்பில் எலியை நாம் பார்ப்பதில்லை. வளை வாசலில் நெல் உமி கிடக்கும். உமியைப் பார்த்து, எலி உள்ளே இருக்கிறது என்று வெட்டுகிறோம். அது மாதிரிதான் இது.

அந்த அம்மா இன்னும் மூன்று விஷயம் சொன்னார். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்று, டெஸ்டுக்கு வரும்போது எப்போதும் போல வாருங்கள், தண்ணியை நிறையக் குடித்துவிட்டு வராதீர்கள், மூத்திரம் நீர்த்துப் போனால் அட்டைக்குத் தெரியாமல் போகலாம். இரண்டு, எப்போதாவது ரத்தம் போயிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அவர்களுக்கு அட்டை மட்டும் போதாது, டியூபு விட்டே பார்க்கணும். மூன்று, கோடு விழாவிட்டால் நோயே இல்லை என்று சத்தியம் இல்லை.

மூன்றையும் நான் காதால் கேட்டேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, பம்புசெட் பக்கத்துத் தென்னையில் ஏறி ஒரு குலை இளநீர் இறக்கினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். நோயைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்ற நினைப்பு எங்களுக்கு இல்லை. பாஸ் பண்ணப் போகிறோம் என்றுதான் போனோம். பரீட்சைக்கு முன்னால் நீங்கள் படிக்கிற மாதிரி, அண்ணனின் மூத்திரத்தை நான் இரண்டு நாள் தயார் பண்ணினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் இளநீர், பார்லிக் கஞ்சி, ஊறவைத்த வெந்தயம், நீராகாரம். தொப்புளில் விளக்கெண்ணெய். பீடியைக்கூட வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். சூடு இறங்கினால் சிவப்பு போய்விடும், சிவப்பு போய்விட்டால் நோயும் இல்லை. என் கணக்கு அவ்வளவுதான். சனிக்கிழமை சாயந்திரம் அண்ணன் சொம்பைக் கொண்டுவந்து காட்டினார். "பாருடா, கெணத்துத் தண்ணி தோத்துது." இரண்டு பேரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனோம். எங்களுக்கு முன்னால் நின்றவர் பாலில் கருவியைப் போட்டுப் பார்த்த சொசைட்டிக்காரர், பாத்திரத்தை அப்படியே திருப்பித் தள்ளினார். "இன்னாபா, பால் ஊத்தச் சொன்னா ஏரியையே தூக்கினு வந்துக்கற?" வரிசை முழுக்கச் சிரித்தது. அண்ணன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். இருபது வருஷமாக ஒரு சொட்டுத் தண்ணி கலக்காமல் பால் ஊற்றுகிறவன் என்று அவருக்கு அவ்வளவு பெருமை. சிரித்த வாயோடு இரண்டு பேரும் நேராக முகாமுக்குப் போனோம். தண்ணி கலந்தால் உள்ளே இருக்கிற சத்து நீர்த்துப் போகும் என்பது பால் ஊற்றுகிற எங்களுக்குத் தெரியாதா? தெரியும். அண்ணனின் உடம்பை அந்தக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

அங்கே ஒரு பாரம் கொடுத்தார்கள். அண்ணனுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் வரும். நம் வீட்டில் எல்லாப் பாரத்துக்கும் நான்தான். ரேஷன், பட்டா, பயிர்க்கடன், உங்கள் பள்ளிக்கூடத்துப் பாரம் எல்லாம் என் எழுத்து. அதனால் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், நான் எழுதினேன். பேர், வயசு, பீடி குடிக்கிற பழக்கம். அடுத்து, மூத்திரத்தில் எப்போதாவது ரத்தம் போனதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

நான் தலையைத் தூக்கி அண்ணனைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். அவர் சொல்லி நான் அடிக்கவில்லை. நானாக அடித்தேன்.

டப்பாவை வாங்கின நர்சுப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, தண்ணியாட்டம் கீது? நெறைய குடிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டது.

"இல்லம்மா. அவருக்கு எப்பவுமே அப்படித்தான்," என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

அட்டையில் கோடு விழவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரியாணி சாப்பிட்டோம். பெரியம்மாவுக்கு ஒரு பொட்டலம் வாங்கினோம். அண்ணன் ஒரு பீடியைப் பற்ற வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, "டியூபுலேர்ந்து தப்பிச்சேன்டா" என்றார். டியூபைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பெரியம்மா அந்தச் சீட்டை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார்கள்.

அவர் மறுபடியும் வரப்பில்தான் நின்றார்.

பத்து மாசம் கழித்து ஒரு அறுப்பு நாளில், கழனியிலேயே ஒண்ணுக்கு வராமல் அடைத்துக்கொண்டது. வயிறு வீங்கிவிட்டது. டிராக்டர் பெட்டியில் படுக்கவைத்து ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரியில் கட்டி கட்டியாக ரத்தத்தை எடுத்தார்கள். எந்த டியூபுக்குப் பயந்து ஓடினாரோ அதை அன்றைக்கு எத்தனை தடவை விட்டார்கள் என்று நான் எண்ணவில்லை. கேன்சர் பையின் சதைக்குள் இறங்கிவிட்டது என்றார்கள்.

பெரிய டாக்டர், முன்னால் ஏதாவது டெஸ்டு எடுத்தீர்களா என்று கேட்டார். பெரியம்மா தயாராக அந்தச் சீட்டை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், மஞ்சளோடு. கூடப் பாரத்தின் நகலும் இருந்தது. டாக்டர் படித்தார்.

"ரத்தம் போனதில்லன்னு போட்டிருக்கே? போச்சுன்னு இப்ப சொல்றீங்க. யார் எழுதினது?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான்தான் சார் அப்படி எழுதச் சொன்னேன்," என்றார் அண்ணன். "டியூபுக்குப் பயந்துக்கினு."

பெரியம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடுத்த ஒன்றேகால் வருஷமும் அவர்கள் அவருக்கு எல்லாம் செய்தார்கள், கழுவினார்கள், துடைத்தார்கள், ஊட்டினார்கள். ஆனால் அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. "உன் பயத்துக்கு என் தாலிதான் கெடச்சுதா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டார்கள். அண்ணன் சிரித்த மாதிரி உதட்டை இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். என் பாவத்துக்கு அவர் திட்டு வாங்கினார். நான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

மருந்து ஏற்றினார்கள். பிறகு மூத்திரப்பையை எடுத்துவிட்டு, வயிற்றில் ஓட்டை போட்டு வெளியே ஒரு பிளாஸ்டிக் பை வைத்தார்கள். நீங்கள் பார்த்தது அந்தப் பைதான். அதைக்கூட அவர் வேடிக்கை பண்ணினார். "இப்பப் பாருடா தம்பி, கண்ணு முன்னாடியே தொங்குது. கலர் பாத்துக்கினே இருக்கலாம்." பிறகு எலும்புக்குப் போய்விட்டது. அந்த நாட்களை உங்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. சத்தம் நம் வீடு வரைக்கும் கேட்டது.

ஒரு நாள் பெரியம்மா மாவு அரைக்கப் போயிருந்த நேரம், நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"வோணாம்," என்றார். "நான் போய்ருவேன். நீ இங்கியே இருக்கணும். ஒரே களம், ஒரே கெணறு. அவ உன்ன மன்னிக்க மாட்டா."

அவர் சொன்னார் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் சொல்லாவிட்டாலும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவர் காரியம் முடிந்த மறுநாள் அந்தக் கக்கூசிலிருந்து யூரியா மூட்டையை எடுத்துப் போட்டேன். கழுவினேன். அன்றிலிருந்து அங்கேதான் போகிறேன், பார்த்துவிட்டுத்தான் தண்ணி ஊற்றுகிறேன். உங்கள் அம்மாவுக்குக்கூட அது ஏன் என்று தெரியாது. பீடியையும் விட்டேன். ஆனால் இருபத்தெட்டு வருஷம் குடித்ததை இல்லை என்று ஆக்க முடியாது. அண்ணனைப் பார்த்த டாக்டரே, நீயும் ஒரு தடவை பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார். தள்ளிப் போட்டுப் போட்டு, போன மாசம்தான் காஞ்சிபுரத்துக்குப் போனேன். எனக்கு சிவப்பு எதுவும் தெரியவில்லை. அதே மாதிரி அட்டை, அதே மாதிரி பாரம். இந்தத் தடவை இளநீர் இல்லை. காலையில் எப்போதும் போல ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போனேன். டப்பாவில் கறுத்த மஞ்சளாக இருந்தது, நாற்றமும் அடித்தது. வெட்கமாக இருந்தது. அப்படியே கொடுத்தேன்.

கோடு விழுந்தது.

கோடு விழுந்தால் கேன்சர்தான் என்று இல்லை, கல் இருந்தாலும் புண் இருந்தாலும் விழும், டியூபு விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அதற்குத்தான் நாளைக்கு.

இந்தச் சேதி பெரியம்மா காதுக்குப் போயிருக்கிறது. வியாழக்கிழமை காலையில் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் மூக்கு சீவின இளநீரோடு வந்தார்கள்.

"தம்பி, இந்தா. நாளு வர வரைக்கும் தெனம் ரெண்டு குடி. சூடு தணிஞ்சா டியூபு போறது நோவாது. உங்க அண்ணனாட்டம் பயந்துக்கினு ஓடிடாத."

கையை நீட்டினேன், வாங்க முடியவில்லை. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இளநீர், டிக், நர்சுப் பெண், அண்ணன் கட்டிலில் சொன்ன பொய், எல்லாம். நான் முடித்த பிறகு கேட்டார்கள்.

"அவரு சொல்லி எழுதலியா?"

"இல்ல அண்ணி. நானா எழுதினேன்."

"அப்பவே டியூபு வுட்டிருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியல. இருந்திருக்கலாம். பையக்கூட எடுக்காம காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

"நான் அவரை இன்னா பேச்சு பேசினேன்," என்றார்கள். அது எனக்குச் சொன்னது இல்லை. இளநீரைச் சாய்த்துக் கீழே ஊற்றினார்கள். மண் உடனே இழுத்துக்கொண்டது. வெறும் காயைக் கீழே போடவில்லை, கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்துதான் வரவில்லை. வரச் சொல்லி நீங்கள் போய்க் கூப்பிடாதீர்கள். அவர்களாக வரட்டும், இல்லை வராமலே இருக்கட்டும். ஆனால் நீங்கள் அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். பால் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சின்னவனே, காலையில் சொசைட்டிக்கு நீ போய் ஊற்றிவிடு. பெரியவளே, நீ என்னோடு முதல் பஸ்ஸுக்கு வா. அங்கே மறுபடியும் பாரம் கொடுப்பார்கள். அதை நான் தொடமாட்டேன், நீ எழுது. நான் சொல்வதை எழுது. எழுதின பிறகு, ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை என் முகத்தைப் பார்த்துக் கேள்.